பூனைக்காக வாங்கிய குழந்தை எடை மெஷின்: 11 மாதம் பயன்படுத்திய பிறகு

வாங்கியது போன மார்ச் கடைசியில். விலை 1,480 ரூபாய். கைக்குழந்தைகளை எடை பார்ப்பதற்கென்று விற்கும் மெஷின்தான். தொட்டில் மாதிரி வளைந்த வெள்ளைத் தட்டு, முன்னால் ஒரு சின்னத் திரை, மூன்று பட்டன். அதிகபட்சம் 20 கிலோ, பத்துப் பத்து கிராமாகக் காட்டும். இதே மெஷின் நாலைந்து கம்பெனிப் பெயரில், நிறம் மட்டும் மாறி வருகிறது. அதனால் பெட்டியில் இருந்த பெயரை எழுதவில்லை. இந்த வகை மெஷின் உங்களுக்கு உதவுமா, உதவாதா என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டில் கைக்குழந்தை இல்லை. பட்டு இருக்கிறாள். மூன்று நிற நாட்டுப் பூனை, வயது 11 முடிந்து 12 நடக்கிறது. ஒரு ஐப்பசி மழையில் மாடிப்படிக்கு அடியில் வந்து ஒதுங்கியவள், அப்படியே தங்கிவிட்டாள். திடமாக இருந்த காலத்தில் 4.6 கிலோ. தடுப்பூசி அட்டையில் அந்த எடை இன்னும் இருக்கிறது.

போன பிப்ரவரியில் வாந்தி ஆரம்பித்தது. வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு மூன்று முறை. வைத்த சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடக்கும். பக்கத்து கிளினிக்கில் பூச்சி மாத்திரையும் வாந்திக்கு ஊசியும் போட்டார்கள். நாலு நாள் நன்றாக இருந்தாள், மறுபடி அதே கதை. அங்கே எடை பார்த்தபோது 4.1. நாய்களை ஏற்றி நிறுத்தும் பெரிய மேடை அது. எட்டு நாள் கழித்து வேறொரு கிளினிக்குக் கூட்டிப் போனோம். அங்கே 3.7. எட்டு நாளில் 400 கிராமா என்று அந்த டாக்டரே பதறிவிட்டார். உடனே அட்மிட் பண்ணணும், இன்னொரு செட் ரத்தப் பரிசோதனை எடுக்கணும் என்றார். 4,200 ரூபாய் கட்டினோம். பணம் போனது பெரிதில்லை. கூண்டுக்குள் அவள் கத்திய கத்தலைக் கேட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிதான் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம், "அண்ணாச்சி, இவளை உங்க தராசுல ஒரு தடவை வச்சுக்கட்டுமா?" என்று கேட்டேன். எடையளவுத் துறை முத்திரை உள்ள தராசு. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பருப்பு மூட்டையை நகர்த்தி இடம் விட்டார். கூடையோடு வைத்துப் பார்த்தோம். அப்புறம் கூடையை மட்டும் வைத்துக் கழித்தோம். 3.92 கிலோ.

அப்படியானால் 3.7 தப்பு. 4.1 சரியா என்பதும் தெரியாது. அவள் இளைத்தது உண்மை. ஆனால் எட்டு நாளில் இளைத்தாளா, எட்டு மாதத்தில் இளைத்தாளா என்று யாருக்குமே தெரியாது. நான் பொன்மலை ரயில்வே பட்டறையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்தவன். இரண்டு வெவ்வேறு கேஜில் எடுத்த அளவை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் அங்கே சூப்பர்வைசர் வேலையை நிறுத்திவிடுவார். என் பூனை விஷயத்தில் அதையே செய்துகொண்டிருந்தோம். அன்று சாயங்காலமே இந்த மெஷினை ஆர்டர் செய்தேன்.

வந்ததும் சோதித்துப் பார்த்தேன். ஆவின் அரை லிட்டர் பால் பாக்கெட்டை அண்ணாச்சி தராசில் வைத்து எடையை எழுதிக்கொண்டு வந்து, இதில் பத்து முறை எடுத்து எடுத்து வைத்தேன். எட்டு முறை ஒரே எண், இரண்டு முறை 10 கிராம் கூட. நல்ல விஷயம். சரியான எடையைக் காட்டுகிறதா என்பதைவிட, ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்ப ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்பதுதான் நமக்கு முக்கியம். எப்போதும் 20 கிராம் கூடவே காட்டினாலும் பாதகமில்லை, ஏறுகிறாளா இறங்குகிறாளா என்பது தெரிந்துவிடும். அடுத்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தட்டின் நடுவிலும் நாலு ஓரத்திலும் வைத்தேன். ஓரத்தில் 10 கிராம் குறைகிறது. பூனை ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாலும் பெரிய தப்பு வராது.

குறைகளும் உண்டு. பஞ்சு மெத்தை, பாய், சமமில்லாத தரை எதன் மேல் வைத்தாலும் எண் ஆடும். நான் ஒரு கடப்பாக் கல் துண்டை வாங்கிக் கூடத்து மூலையில் போட்டு, அதன் மேலேயே நிரந்தரமாக வைத்துவிட்டேன். மின்விசிறியை நிறுத்த வேண்டும். அகலமான தட்டு காற்றைப் பிடித்து 10, 20 கிராம் ஊஞ்சலாடும். தட்டு வழுவழுப்பு, பூனைக்கு நகம் பிடிக்காது. பழைய துண்டு ஒன்றை விரித்துவிட்டு, எடையைப் பூஜ்யமாக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அசைந்துகொண்டே இருக்கும் குழந்தைக்காக எண்ணைப் பிடித்து நிறுத்தும் வசதி இருப்பதாகப் பெட்டியில் போட்டிருக்கிறது. பட்டு அசையாமல் இருக்கும்போது சரியாகப் பிடிக்கிறது. அவள் திரும்பும் நேரத்தில் பிடித்தால் வருவது தப்பான எண். மூன்று முறை எடுத்து நடு எண்ணை எழுதுகிறேன்.

பெரிய குறை பேட்டரி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு நாலு கிலோ பூனைக்கு 200 கிராம் என்பது உடம்பில் இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதனுக்கு மூன்று கிலோ மாதிரி. நாம் குளியலறை மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு நம் எடையைக் கழித்துப் பார்க்கிறோமே, அதில் இந்த 200 கிராம் காணாமலே போய்விடும். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். சின்ன அளவை எடுக்கப் பெரிய கருவி ஆகாது.

இனி அந்த நோயைப் பற்றி. 11 மாதத்தில் செய்த பரிசோதனைகள்: ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, பூனைகளுக்கு வரும் இரண்டு வைரஸ்களுக்கான கிட் பரிசோதனை, மலம், எக்ஸ்ரே. முதல் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவு ஒன்று வரம்பைவிடக் கொஞ்சம் கூட இருந்தது. மனைவி அந்த ஒரு வரியைப் பார்த்துப் பார்த்து அழுதாள். மூன்று வாரம் கழித்து எடுத்தபோது அது வரம்புக்குள் வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் பக்கத்தில் போட்டிருக்கும் அந்த வரம்பு, ஆரோக்கியமான நூறு பூனைகளில் 95 எதற்குள் வருமோ அதுதான் என்று பிற்பாடு ஒரு டாக்டர் விளக்கினார். அப்படியானால் ஒரு நோயும் இல்லாத பூனைக்கும் இருபது அளவு எடுத்தால் ஒன்றாவது வெளியே நிற்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அவள் மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

ஏப்ரலில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் காரில் கூட்டிப் போனோம். முசிறி, தொட்டியம் வழியாகக் காவிரிக் கரையோரமே போகும் பாதை. இரண்டரை மணி நேரமும் மனைவி கூடைக்குள் கையை விட்டபடியே வந்தாள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். குடல் சுவர் சில இடங்களில் கொஞ்சம் தடித்திருக்கிறது. பார்த்த டாக்டரம்மா சின்ன வயசுப் பெண், என் மகளைவிட இளையவர். அவசரப்படாமல் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "சார், இது நாள்பட்ட குடல் அழற்சியா இருக்கலாம். மெதுவா வளர்ற ஒரு வகைப் புற்றுநோயாவும் இருக்கலாம். ஸ்கேன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வயித்தைத் திறந்து குடல்ல இருந்து சதை எடுத்துப் பார்த்தாதான் பிரிச்சுச் சொல்ல முடியும். சில சமயம் அதுலயும் தெளிவா வராது."

"என்னங்க, வயித்தைக் கிழிச்சுப் பார்த்தாலும் தெரியாமப் போகலாமா?" என்று மனைவி என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம் என்று முடிவு செய்தோம். டாக்டரம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்போம், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது என்றார். முதலில் சாப்பாடு. அவள் இதுவரை தின்றே இராத ஒரு மாமிசம் மட்டும். மீன், கோழி எல்லாம் தின்று பழகியவளுக்கு எது புதுசு என்று யோசித்துக் காடையைச் சொன்னார். மஞ்சள், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்துக் கொடுக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைத்துவிடுமாம். மாமிசம் மட்டுமே கொடுப்பது சோதனைக்காக இரண்டு வாரம்தான், அதற்கு மேல் போனால் சுண்ணாம்புச் சத்து குறைந்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினார். அடுத்தது வாரம் ஒரு வைட்டமின் பி12 ஊசி, ஆறு வாரம். குடல் கெட்டால் பி12 உடம்பில் சேராது, பி12 குறைந்தால் பசி எடுக்காது, இப்படி ஒன்றை ஒன்று இழுக்கும்.

இந்த இடத்தில்தான் மெஷின் வேலைக்கு வந்தது. எது பலன் தருகிறது என்பதை எதை வைத்துச் சொல்வது? "இன்னைக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கா" என்று நான் சொல்வேன். "இல்லையே, காலையில மூலையிலயேதான் படுத்திருந்தா" என்பாள் மனைவி. இரண்டு பேருக்குமே ஆசையும் பயமும் மாறி மாறிப் பேசும். எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அந்த எண்ணைப் பார்ப்பதற்கும் பழக வேண்டியிருந்தது. முதல் வாரம் நான் ஒரு நாளைக்கு ஐந்து முறை எடை பார்த்தேன். காலையில் 3.81, சாப்பிட்ட பின் 3.87, மணல் தட்டுக்குப் போய் வந்த பின் 3.80. ஒவ்வொரு எண்ணுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் மனைவி சொன்னாள்: "நீங்க கூடத்துக்கு வந்தாலே அவ கட்டிலுக்கு அடியில போயிடுறாங்க." பார்த்தால் உண்மைதான். 11 வருஷம் என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தவள், என் செருப்புச் சத்தம் கேட்டு ஒளிந்துகொண்டிருந்தாள். அன்றோடு நிறுத்தினேன்.

இப்போது புதனும் ஞாயிறும் மட்டும். காலை ஆறரை மணி, மணல் தட்டுக்குப் போய் வந்த பின், சாப்பாட்டுக்கு முன். கோடு போட்ட நோட்டு வேண்டாம், கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்குங்கள். தேதி கீழே, எடை பக்கவாட்டில், புள்ளி வைத்து இணைத்தால் போதும். 50 கிராமுக்குள் ஏறினாலும் இறங்கினாலும் நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, அது வயிற்றில் இருக்கும் சோறும் தண்ணீரும். மூன்று வாரம் ஒரே திசையில் போனால்தான் டாக்டரைக் கூப்பிடுவேன். மே மாதம் அந்த நோட்டை டாக்டரம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாந்தி எடுத்த நாளையும் இதுலயே சிவப்புல குறிங்க சார்" என்றார். குறித்த பிறகு தெரிந்தது. காடை கொடுத்த இரண்டு வாரமும் வாந்தி குறையவில்லை, எடையும் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. மூன்றாவது பி12 ஊசிக்குப் பிறகு இறக்கம் நின்று கோடு தட்டையானது. ஏறவில்லை. ஆனால் நின்றது.

ஆடி பிறந்ததும் மறுபடி சரிந்தது. 3.68, 3.63, 3.57, 3.52. டாக்டரம்மாவும் நாங்களும் முன்பே பேசி வைத்திருந்த எண் 3.5. அதைத் தொட்டால் சும்மா இருப்பதில்லை என்று. மீதி இருந்த வழி ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. அதை ஆரம்பித்துவிட்டால், பிறகு சதை எடுத்துப் பார்த்தாலும் நோய் சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அழற்சி, அந்த மெதுவான புற்றுநோய், இரண்டுமே அந்த மருந்துக்கு இளகும். ஆகவே அவள் தேறினாலும் இன்ன நோய் என்று தெரியப் போவதில்லை. மகன் பெங்களூரிலிருந்து போனில், "அப்பா, என்னன்னே தெரியாம மருந்து கொடுக்கிறதா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆரம்பிச்சிடுங்கப்பா" என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆரம்பித்தோம். மூன்றாவது ஞாயிறு 3.61. அடுத்தது 3.66. செப்டம்பரில் 3.74.

பேட்டரி கதை அப்போதுதான் நடந்தது. புரட்டாசி இரண்டாம் வாரம் ஒரே தாவலில் 3.85 காட்டியது. மனைவி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். எனக்குச் சந்தேகம். பால் பாக்கெட்டை வைத்தால் அதுவும் 60 கிராம் கூட. பேட்டரி தீரும் சமயத்தில் இந்த மெஷின் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் எண்ணை ஏற்றிக் காட்டுகிறது. புது பேட்டரி போட்டதும் பட்டுவின் எடை 3.78. அது நல்ல எடைதான். ஆனாலும் அந்த 70 கிராமை மனைவியிடமிருந்து திரும்பப் பிடுங்குகிற மாதிரி இருந்தது, அதைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இந்த ஒரு குறைக்காகவே நான் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன். வாங்குபவர்கள் எடை தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் முதலில் அதை வைத்துப் பாருங்கள். இப்போது நான் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதற்கென்றே வைத்திருக்கிறேன்.

இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டால் பூனைகளுக்குச் சர்க்கரை வர வாய்ப்பு உண்டு, தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறாளா என்று கவனிக்கச் சொன்னார்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் காலையில் எடை போட்டு வைத்து மறுநாள் போட்டால் குறைந்த கிராம்தான் குடித்த மில்லி. திருச்சி வெயிலில் கிண்ணத்துத் தண்ணீர் தானாகவும் வற்றும். அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தை அவள் எட்ட முடியாத அலமாரியில் வைத்து, அதில் வற்றியதைக் கழிக்கிறேன். நாளுக்கு 100 முதல் 130 மில்லி குடிக்கிறாள். இதுவரை ஏறவில்லை.

மெஷினுக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது. ஏறியது சதையா, கொழுப்பா, வயிற்றில் நீர் கோத்ததா என்று அது சொல்லாது. முதுகெலும்பு மேல் விரலை ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். அவள் தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பழகுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். பூனை இரண்டு நாள் முழுசாகச் சாப்பிடாமல் இருந்தால் எடையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவே கூடாது. கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து, அதுவே உயிரைக் குடித்துவிடும். அதேபோல உடம்பு சுடுகிறதே என்று நம் வீட்டுப் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். பூனைக்கு அது விஷம், ஒரே மாத்திரை போதும் கொல்வதற்கு.

யார் வாங்கலாம்? ஒன்பது, பத்து வயதைத் தாண்டிய பூனையோ சின்ன நாயோ வைத்திருப்பவர்கள் நோய் வரும் முன்பே வாங்குங்கள். என் நோட்டில் இல்லாதது முதல் பக்கங்கள்தான். 4.6-இலிருந்து 3.9-க்கு அவள் எப்போது, எப்படி இறங்கினாள் என்பது. டாக்டரம்மா முதல் நாள் கேட்ட முதல் கேள்வியும் அதுவே. 15 கிலோவுக்கு மேலே போகும் நாய்க்கு இது ஆகாது, தட்டில் நிற்கவும் மாட்டாது. ஓர் எண்ணைப் பார்த்தால் அன்று முழுக்கத் தூக்கம் வராது என்கிற மனசுள்ளவர்கள், வீட்டில் வேறொருவரை எடை பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது பார்ப்பது மனைவிதான். எழுதுவது மட்டும் நான்.

வாரண்டி ஒரு வருஷம், இன்னும் ஒரு மாதம் பாக்கி. எந்த ரிப்பேரும் வரவில்லை. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன்.

என்ன நோய் என்று இன்றுவரை தெரியாது. வாந்தி மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. மாத்திரை இப்போது பாதியாகக் குறைந்திருக்கிறது. இன்று ஞாயிறு. காலையில் மனைவி உப்புப் பாக்கெட்டை எடுத்துவிட்டுத் துண்டை விரிப்பதற்குள் பட்டு தானே வந்து தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எடை முடிந்ததும் சாப்பாடு வரும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். 3.84.